சாம்பியன் ஆனாலும் மேலே போக முடியாத லீக்: சண்டர்லாந்து பெண்களின் கதை

கேள்வி இதுதான்: வேலை நிமித்தமாகக் குடும்பத்தோடு சண்டர்லாந்துக்கு வந்து ஆறு மாதம் ஆகிறது. பன்னிரண்டு வயது மகள் பள்ளியில் கால்பந்து ஆடத் தொடங்கியிருக்கிறாள். டிவியில் வரும் பெரிய லீக்கைப் பார்க்கிறாள். அதற்குக் கீழே இருக்கும் வட்டார லீக்குகளில் ஒரு சீசன் எப்படி நடக்கிறது? ஜெயித்தாலும் மேல் பிரிவுக்குப் போகாத அணிகள் உண்டு என்று இங்கே பேசிக்கொள்கிறார்களே, அது எப்படி?

இந்தக் கேள்வியைக் கேட்பதற்கு இங்கிலாந்திலேயே மிகச் சரியான ஊரில்தான் நீங்கள் இருக்கிறீர்கள். நான் இந்த வட்டாரத்துக்கு வந்து பதினைந்து வருடம் ஆகிறது. என் மகளும் இங்கேதான் பந்தை உதைக்கக் கற்றாள். அவளைக் கூட்டிக்கொண்டு போய் வந்ததில், ஒரு சின்ன மகளிர் அணிக்கு ஞாயிற்றுக்கிழமைகளில் வாசலில் நின்று டிக்கெட் காசு வாங்குவதும், கொடிக்கம்பம் நடுவதும், ஆட்டம் முடிந்தபின் வலையைக் கழற்றுவதும் என் வேலையாகிவிட்டது. அதனால் கொஞ்சம் நீளமாகவே சொல்கிறேன்.

முதலில் அமைப்பு. உச்சியில் மகளிர் சூப்பர் லீக். அதற்கு அடுத்த இரண்டாம் நிலையை முன்பு சாம்பியன்ஷிப் என்றார்கள், 2025 முதல் சூப்பர் லீக் 2 என்கிறார்கள். இந்த இரண்டும் நாடு முழுவதற்கும் பொதுவானவை. மூன்றாம் நிலையிலிருந்துதான் வட்டாரம் வட்டாரமாகப் பிரிகிறது. மூன்றாம் நிலையில் வடக்கு, தெற்கு என்று இரண்டு பிரீமியர் டிவிஷன்கள். நான்காம் நிலையில் டிவிஷன் ஒன் என்ற பெயரில் வடக்கு, மிட்லண்ட்ஸ், தென்கிழக்கு, தென்மேற்கு என்று நான்கு. பொதுவாக ஒவ்வொன்றிலும் பன்னிரண்டு அணிகள், ஆக 72. இந்த இரண்டு நிலைகளையும் சேர்த்து மகளிர் நேஷனல் லீக் என்பார்கள். அதற்குக் கீழே எட்டு வட்டார லீக்குகள், அவற்றுக்கும் கீழே கவுண்டி, அதாவது மாவட்ட லீக்குகள். வழக்கமாக, நான்காம் நிலையின் ஒவ்வொரு டிவிஷனிலும் முதலிடம் பிடிக்கும் ஒரே அணிதான் மேலே போகும். கடைசி இரண்டு கீழே இறங்கும். இரண்டாவதாக வந்தால் ஒன்றும் கிடையாது. ஒரு புள்ளியில் இரண்டாமிடம் போன அணி, அடுத்த ஆகஸ்டில் அதே மைதானங்களுக்கு மறுபடி பயணப்பட வேண்டியதுதான்.

பன்னிரண்டு அணி என்றால் ஆளுக்கு 22 ஆட்டம். கேட்க எளிதாக இருக்கும். ஆகஸ்ட் நடுவில் தொடங்கி மே மாதத்தில் முடிய வேண்டும், பெரும்பாலும் ஞாயிறு மதியம் இரண்டு மணிக்கு. இதற்கு நடுவே எஃப்ஏ (இங்கிலாந்துக் கால்பந்துச் சங்கம்) நடத்தும் எஃப்ஏ கோப்பை, லீக் கோப்பை, கவுண்டி கோப்பை. லீக் கோப்பையில் ஒரு நல்ல ஏற்பாடு உண்டு: முதல் சுற்றில் தோற்ற அணிகளை அப்படியே வீட்டுக்கு அனுப்பாமல், பிளேட் என்ற இன்னொரு போட்டிக்கு மாற்றிவிடுவார்கள். சின்ன அணிகளுக்கும் ஒரு இறுதிப் போட்டிக் கனவு மிச்சம் இருக்கும்.

செப்டம்பரில் எல்லா அணியும் நன்றாகத்தான் இருக்கும். சீசனின் உண்மையான முகம் தெரிவது நவம்பர் கடைசியில். இங்கே நான்கு மணிக்குள் இருட்டிவிடும் காலம் அது. மைதானம் சேறாகும், அப்புறம் உறையும். ஞாயிறு காலை எட்டு, ஒன்பது மணிக்கு நடுவர் வந்து தரையைக் காலால் அழுத்திப் பார்ப்பார். அவர் முடியாது என்று தலையை ஆட்டினால் ஆட்டம் ரத்து. எதிரணி அதற்குள் பாதி வழி வந்திருக்கும். டிசம்பர், ஜனவரியில் இப்படி நான்கைந்து ஆட்டம் தள்ளிப்போனால், ஏப்ரலில் புதன்கிழமை இரவு ஒன்று, ஞாயிறு ஒன்று என்று அடுக்கடுக்காக ஆடித் தீர்க்க வேண்டும். பட்டியலில் முதலிடத்தில் இருந்த எத்தனையோ அணிகள் சரிந்தது அந்த ஏப்ரலில்தான். திறமை குறைந்துபோய்ச் சரியவில்லை, ஆள் இல்லாமல் சரிந்தார்கள். ஏனென்றால் இங்கே ஆடுகிறவர்களில் பெரும்பாலோர் வேலைக்குப் போகிறவர்கள், படிக்கிறவர்கள். எங்கள் அணியில் ஒரு கோல் கீப்பர் இருந்தாள், மருத்துவமனையில் நர்ஸ். இரவு ஷிஃப்ட் முடித்து, காரிலேயே இரண்டு மணி நேரம் தூங்கி, கையுறையை மாட்டிக்கொண்டு இறங்குவாள். அவளுக்கு யாரும் சம்பளம் தரவில்லை. அவள்தான் மாதாமாதம் அணிக்குச் சந்தா கட்டினாள்.

தூரமும் சாதாரணமில்லை. வட்டார லீக் என்கிற பெயரைக் கேட்டு பக்கத்து ஊர் என்று நினைத்துவிடாதீர்கள். டிவிஷன் ஒன் நார்த்தில், ஸ்காட்லாந்து எல்லைக்குக் கொஞ்சம் தெற்கே இருக்கும் ஆல்னிக் ஊர்ப் பெண்கள் லிவர்பூல் பக்கம் வரை போய் ஆடியிருக்கிறார்கள். தெற்கு பிரீமியரில் பிளிமத் அணி இப்ஸ்விச்சுக்குப் போவதென்றால் ஒரு வழிக்கே 450 கிலோமீட்டருக்கு மேல். ஞாயிறு விடியுமுன் கிளம்பி நள்ளிரவில் திரும்பி, திங்கள் காலை வேலைக்கு நிற்பார்கள்.

சரி, உங்கள் இரண்டாவது கேள்விக்கு வருகிறேன். அதுதான் என் மனதுக்கு நெருக்கமானது. இந்த நாட்டில் மகளிர் கால்பந்து சீசன் இரண்டு இடங்களில் நடக்கிறது. ஒன்று மைதானம், இன்னொன்று அலுவலக மேசை. மேல் நிலைகளில் ஆட உரிமம் வேண்டும். மைதான வசதி, மருத்துவ ஏற்பாடு, இளையோர் பயிற்சி, பயிற்சியாளர் எண்ணிக்கை, வரவு செலவு என்று எல்லாவற்றையும் காட்டி விண்ணப்பிக்க வேண்டும். பட்டியலில் முதலிடம் என்பது அந்த விண்ணப்பத்தில் ஒரு பகுதி மட்டுமே. இதை உங்கள் ஊர் அணியைப் போல அனுபவித்தவர்கள் வேறு யாரும் இல்லை.

சண்டர்லாந்து எப்படிப்பட்ட அணி என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். 2009இல் எஃப்ஏ கோப்பை இறுதிக்கு வந்து ஆர்சனலிடம் 2-1 என்று தோற்றார்கள். அன்றைய ஆட்ட நாயகி விருது தோற்ற அணியில் ஆடிய ஒரு பதினேழு வயதுப் பெண்ணுக்குப் போனது. அவள் பெயர் லூசி பிரான்ஸ். ஜில் ஸ்காட், ஸ்டெஃப் ஹௌட்டன், ஜோர்டன் நாப்ஸ், பெத் மீட் எல்லாரும் இந்தச் சிவப்பு வெள்ளைச் சட்டை போட்டவர்கள்தான். 2022 ஜூலை 31 அன்று வெம்ப்ளியில் 87,192 பேர் முன்னால் இங்கிலாந்து ஐரோப்பியக் கோப்பையை வென்றபோது, பிரான்ஸ், ஸ்காட், மீட் மூன்று பேரும் அந்த அணியில் இருந்தார்கள். மீட் அந்தத் தொடரின் சிறந்த ஆட்டக்காரர். உங்கள் மகளிடம் இதைக் கட்டாயம் சொல்லுங்கள். அவள் ஆடுகிற அதே மேகமூட்டத்தின் கீழ், அதே குளிரில் ஆடி வளர்ந்தவர்கள் இவர்கள்.

2011இல் சூப்பர் லீக் தொடங்கியபோது எட்டு அணிகளைத் தேர்ந்தெடுத்தார்கள். புள்ளிப் பட்டியலைப் பார்த்து இல்லை, விண்ணப்பங்களைப் பார்த்து. சண்டர்லாந்துக்கு இடம் கிடைக்கவில்லை. அவர்கள் அப்போதைய மகளிர் பிரீமியர் லீக் நேஷனல் டிவிஷனில் ஆடினார்கள், 2010-11இல் பட்டம் வென்றார்கள். மேலே போக வழியில்லை. 2011-12இலும் வென்றார்கள், 2012-13இலும் வென்றார்கள். மூன்று வருடம் தொடர்ந்து சாம்பியன், மூன்று வருடமும் அதே இடம். நான் இங்கே வந்த புதிதில் இதைக் கேட்டபோது, யாரோ தவறாகச் சொல்கிறார்கள் என்றுதான் நினைத்தேன். 2014இல் சூப்பர் லீக்குக்கு இரண்டாவது பிரிவு திறந்தபோது அதில் சேர்த்தார்கள். முதல் வருடமே அதையும் வென்று மேலே போனார்கள்.

2017-18இல் பத்து அணிகளில் ஏழாவதாக முடித்தார்கள். ஆட்டத்தின்படி தங்கியிருக்க வேண்டும். ஆனால் அந்த வருடம்தான் விதிகள் மாறின: உச்சிப் பிரிவில் இருக்கும் அணிகள் முழுநேர அணிகளாக இருக்க வேண்டும், எல்லாரும் புதிதாக உரிமம் வாங்க வேண்டும். அதே காலத்தில் சண்டர்லாந்தின் ஆண்கள் அணி அடுத்தடுத்து இரண்டு வருடம் கீழே விழுந்து மூன்றாம் நிலைக்குப் போயிருந்தது, கிளப் கைமாறிக்கொண்டிருந்தது, பணம் இல்லை. பெண்களுக்கு முதல் நிலை உரிமமும் கிடைக்கவில்லை, இரண்டாம் நிலை உரிமமும் கிடைக்கவில்லை. ஆண்கள் தோற்றதற்குப் பெண்கள் இரண்டு படி இறங்கினார்கள். அதே சமயம் மூன்றாம் நிலையில் இருந்த வெஸ்ட் ஹாம் நேரடியாக உச்சிக்குப் போனது. 2005 முதல் பெரியவர்களுக்கான மகளிர் அணியே இல்லாமல் இருந்த மான்செஸ்டர் யுனைடெட்டுக்கு இரண்டாம் நிலையில் இடம் கிடைத்தது.

டான்காஸ்டர் பெல்ஸ் கதையையும் இங்கே சொல்லாமல் இருக்க முடியவில்லை. 1969இல், ஆண்கள் ஆட்டத்தின்போது மைதானத்தில் லாட்டரிச் சீட்டு விற்ற பெண்கள் சேர்ந்து ஆரம்பித்த அணி அது. 2013இல் சீசன் தொடங்கி ஒரே ஒரு ஆட்டம் முடிந்த நிலையில், அடுத்த வருடம் நீங்கள் கீழே என்று அறிவித்துவிட்டார்கள். அவர்கள் இடம் மான்செஸ்டர் சிட்டிக்குப் போனது. மீதி சீசன் முழுவதையும் அந்தப் பெண்கள் எந்த மனநிலையில் ஆடியிருப்பார்கள்! பிறகு 2017-18இல் இரண்டாம் பிரிவுப் பட்டத்தை வென்றார்கள். அப்போதும் பணக் காரணத்தால் உரிமத்தை விட்டுக்கொடுத்துவிட்டு மூன்றாம் நிலைக்கு இறங்கினார்கள். அடுத்த வருடமே நான்காம் நிலைக்கு.

இப்போது 2019-20 சீசன். ஒரு சீசனை மட்டும் எடுத்துச் சொல்லுங்கள் என்று யாராவது கேட்டால் நான் இதைத்தான் எடுப்பேன்.

அந்த வருடம் வடக்கு பிரீமியரில் சண்டர்லாந்து முதலிடத்தில் இருந்தது. மூன்றாம் நிலைக்கு இறங்கி இரண்டாவது வருடம். புதிய பெண்கள், உள்ளூர்ப் பெண்கள், பலர் இளம் வயது. இரண்டு டிவிஷன் சாம்பியன்களும் மேலே போகலாம் என்று அப்போது விதி இருந்தது. முந்தைய வருடம் பிளாக்பர்ன் ரோவர்ஸும் கவென்ட்ரி யுனைடெட்டும் அப்படித்தான் போயிருந்தார்கள். பிப்ரவரியில் புயல் மேல் புயல், ஆட்டங்கள் தள்ளித் தள்ளிப் போயின. மார்ச் நடுவில் கொரோனாவால் எல்லாம் நின்றது. மார்ச் 26 அன்று கால்பந்துச் சங்கத்திடமிருந்து அறிவிப்பு வந்தது: மகளிர் கால்பந்தில் மூன்றாம் நிலை முதல் ஏழாம் நிலை வரை சீசன் முடிந்தது, எல்லா முடிவுகளும் அழிக்கப்படுகின்றன, யாரும் ஏறவும் இல்லை இறங்கவும் இல்லை.

அழிக்கப்படுகின்றன என்ற அந்தச் சொல்லை நான் பலமுறை படித்தேன். நிறுத்தப்படுகின்றன என்று சொல்லியிருந்தால் புரிந்துகொண்டிருப்பேன். ஆகஸ்டிலிருந்து ஆடிய ஆட்டங்கள் இல்லவே இல்லை என்று ஆகிவிட்டது. எங்கள் சின்ன அணியும் அந்தப் பட்டியலில் அடங்கும். நான் ஸ்கோர் எழுதிவைக்கும் ஒரு நோட்டு வைத்திருக்கிறேன். அதில் பிப்ரவரியில், பதினாறு வயதுப் பெண் ஒருத்தி முதல்முறையாகப் பெரியவர்கள் அணியில் இறங்கி, கடைசி ஐந்து நிமிடத்தில் இடது காலால் அடித்த கோல் இருக்கிறது. அவளுடைய அம்மா மழையில் குடையைக் கீழே போட்டுவிட்டு ஓடி வந்தார். அந்தக் கோல் எந்தப் பதிவேட்டிலும் இல்லை. என் நோட்டில் மட்டும் இருக்கிறது.

ஆண்கள் பக்கத்திலும் இதே அடி விழுந்தது என்பதையும் சொல்ல வேண்டும். நம் பக்கத்து ஊர் சவுத் ஷீல்ட்ஸ் ஆண்கள் அணி தங்கள் டிவிஷனில் பன்னிரண்டு புள்ளி முன்னிலையில் இருந்தது. ஜெர்சி தீவின் புல்ஸ் அணி 27 ஆட்டம் ஆடி 27இலும் ஜெயித்திருந்தது. எல்லாம் அழிந்தது. ஆனால் மகளிர் கால்பந்துக்குள்ளேயே இரண்டு நியாயம் இருந்தது என்பதுதான் எனக்கு இன்றுவரை ஆறவில்லை. மேலே இருந்த இரண்டு நிலைகளுக்கு மட்டும் ஆட்டத்துக்கு எத்தனை புள்ளி என்று சராசரி கணக்கிட்டு முடிவு சொன்னார்கள். செல்சி சாம்பியன், ஆஸ்டன் வில்லா மேலே, லிவர்பூல் கீழே. அதே கணக்கை மூன்றாம் நிலைக்கும் போட்டிருக்கலாம். பெரிய கிளப்புகளின் ஆட்டங்கள் செல்லும், வேலைக்குப் போய்விட்டு வந்து ஆடியவர்களின் ஆட்டங்கள் செல்லாது என்பது தவறான முடிவு. அப்போதும் அப்படித்தான் நினைத்தேன், இப்போதும் அப்படித்தான் நினைக்கிறேன்.

2020-21 இன்னும் மோசம். மேல் இரண்டு நிலைகளும் 'எலைட்' வகை என்பதால் தொடர்ந்து ஆடின. மூன்றாம் நிலையிலிருந்து கீழே எல்லாம் நவம்பரில் நின்று, டிசம்பரில் கொஞ்சம் அசைந்து, மறுபடி நின்று, கடைசியில் பாதியிலேயே முடித்துவைக்கப்பட்டன. இரண்டு வருடம் முடிவில்லாமல் போனதால் சங்கம் ஒரு வழி செய்தது: மேலே போக விரும்பும் அணிகள் விண்ணப்பிக்கலாம். இரண்டு சீசன்களின் ஆட்ட முடிவுகளையும், மைதானத்துக்கு வெளியே அணி எப்படி நடக்கிறது என்பதையும் சேர்த்து மதிப்பிடுவார்கள். அந்த விண்ணப்பத்தில்தான் சண்டர்லாந்தும் வாட்ஃபோர்டும் இரண்டாம் நிலைக்குப் போயின.

மூன்று முறை சாம்பியனாகியும் ஏறாத அணி, ஏழாவதாக முடித்தும் இரண்டு படி இறங்கிய அணி, முதலிடத்தில் இருந்தபோது சீசனே அழிக்கப்பட்ட அணி, கடைசியில் ஒரு சீசனைக்கூட முடிக்காமல் காகிதத்தின் மூலம் மேலே போனது. உங்கள் ஊரில் மக்கள் பேசிக்கொள்வது இதைத்தான்.

அதே 2021 விண்ணப்பத்தில் நான்காம் நிலையிலிருந்து மூன்றாம் நிலைக்கு வந்தவர்களில் வுல்வ்ஸும் (வுல்வர்ஹாம்ப்டன் அணி) சவுத்தாம்ப்டனும் உண்டு. அடுத்த வருடமே இரண்டும் அவரவர் டிவிஷனை வென்றன. ஆனால் அதற்குள் விதி மாறி, ஒரே இடம்தான் என்று ஆகியிருந்தது. இரண்டு சாம்பியன்களும் மோதி, ஸ்டாக்போர்ட்டில் ஒரே ஆட்டத்தில் முடிவு. சவுத்தாம்ப்டன் 1-0. வுல்வ்ஸ் பெண்களுக்கு ஒரு வருட உழைப்பும் பட்டமும் அந்தத் தொண்ணூறு நிமிடத்தில் போனது. 2023இலும் இதே ஏற்பாடு. நாட்டிங்ஹாம் ஃபாரஸ்ட் வடக்கை வென்றுவிட்டு, வாட்ஃபோர்டிடம் 1-0 என்று தோற்று அங்கேயே தங்கியது. 2024 முதல் மறுபடியும் இரண்டு சாம்பியன்களும் போகிறார்கள். ஃபாரஸ்ட் 2025இல் மறுபடி வென்று ஒருவழியாக மேலே போனது.

அந்த 2025இல் ஃபாரஸ்ட்டோடு கடைசி நாள்வரை பட்டத்துக்குப் போட்டி போட்டது யார் தெரியுமா? வுல்வ்ஸ்தான். கடைசியில் இரண்டாமிடம். சீசன் முடிந்த பிறகு வெளியே வந்த செய்தி அதைவிடக் கொடுமை: மேல் பிரிவுக்குப் போக கிளப் விண்ணப்பமே போடவில்லை. அன்று பட்டத்தை வென்றிருந்தாலும் மேலே போயிருக்க மாட்டார்கள். வீராங்கனைகளும் ரசிகர்களும் கொதித்துப் போனார்கள். அதில் எனக்கு ஆச்சரியம் எதுவும் இல்லை. ஆகஸ்டிலிருந்து ஒரு பெண் எதற்காக ஓடுகிறாள் என்பதை அவளிடம் மறைக்க யாருக்கும் உரிமை கிடையாது.

பணமும் மனமும் சேர்ந்தால் என்ன ஆகும் என்பதற்கு உங்கள் பரம ஊர்ப்பகையான நியூகாசிலைப் பாருங்கள் (சண்டர்லாந்தில் இருந்துகொண்டு இதைச் சொன்னதற்கு மன்னிக்க வேண்டும்). 2022 மே 1 அன்று அவர்கள் நான்காம் நிலையில், ஆல்னிக் அணியோடு, கிளப்பின் ஆண்கள் அணி ஆடும் பெரிய மைதானமான செயின்ட் ஜேம்ஸ் பார்க்கில் ஆடினார்கள். அந்த ஆட்டத்துக்கு வந்தவர்கள் 22,134 பேர். பொதுவாக அந்த நிலையில் நூறு, இருநூறு பேர் வந்தாலே வாசலில் நிற்கிற எனக்குக் கை வலிக்கும். அதற்கடுத்த சீசனில் டிவிஷனை வென்றார்கள். 2023 கோடையில் வீராங்கனைகளுக்கு முழுநேரச் சம்பளம் கொடுத்தார்கள், மூன்றாம் நிலையில் அப்படிச் செய்த முதல் அணி. 2024இல் அதையும் வென்று இரண்டாம் நிலைக்குப் போனார்கள். இரண்டே வருடத்தில் இரண்டு படி. நல்ல அணிதான், நல்ல பயிற்சிதான். ஆனால் அதே டிவிஷனில் சந்தா கட்டி ஆடிய மற்ற அணிகளின் பெண்களும் அந்த ஞாயிறுகளில் எதிரே நின்றார்கள் என்பதை மறக்க வேண்டாம். எதிர்ப்பக்கக் கதையும் உண்டு. சூப்பர் லீக்கில் ஆடிய ரெடிங், ஆண்கள் கிளப்பின் பண நெருக்கடியால் 2024இல் இரண்டாம் நிலையிலிருந்து விலகி நேராக ஐந்தாம் நிலைக்குப் போய் விழுந்தது.

உங்கள் மகளைப் பற்றி: பன்னிரண்டு வயதில் பெரிய கிளப்பின் அகாடமிக்கு அவசரப்பட வேண்டாம். உள்ளூர் சிறுமியர் அணியில் வாராவாரம் முழு ஆட்டம் ஆடுவதே இப்போது முக்கியம். பதினாறு வயதுக்கு மேல் பெரியவர்கள் லீக்கில் இறங்கலாம். பெரிய கிளப்பில் பதிவு செய்திருக்கும் இளம் பெண்கள், கீழ்நிலை அணி ஒன்றிலும் சேர்ந்து ஆட இரட்டைப் பதிவு என்ற ஏற்பாடு இருக்கிறது. அப்படிச் சேற்றில் இறங்கி, வளர்ந்த பெண்களின் தோளோடு மோதிப் பழகியவர்கள்தான் பின்னால் நிலைத்து நிற்கிறார்கள் என்பது நான் பார்த்தது.

அதற்கு முன் ஒரு ஞாயிறு அவளைக் கூட்டிக்கொண்டு மூன்றாம் நிலை, நான்காம் நிலை ஆட்டம் ஒன்றுக்குப் போங்கள். கிளம்புமுன் அணியின் இணையப் பக்கத்தில் ஆட்டம் உண்டா என்று பார்த்துவிடுங்கள், குறிப்பாக ஜனவரியில். இரண்டு ஜோடி காலுறை போடச் சொல்லுங்கள். சில மைதானங்களில் கார்டு எடுக்க மாட்டார்கள், கொஞ்சம் சில்லறை வைத்துக்கொள்ளுங்கள். டிவியில் தெரியாத ஒன்று அங்கே கேட்கும்: கோல் கீப்பர் தன் பின்வரிசையைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டு நகர்த்துவது. கோலுக்குப் பின்னால் நின்று பார்த்தால் ஒவ்வொரு சொல்லும் காதில் விழும். என் மகள் ஆட்டத்தைப் படிக்கக் கற்றது அங்கே நின்றுதான்.